பால்வெட்டுக் கத்தியும் பனி ஊசியும்

சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று குறிக்கும் நிலமே இன்றைய கெடா என்பர் வரலாற்றாசிரியர். இராசேந்திர சோழனின் கப்பற்படை 1025-ஆம் ஆண்டளவில் வந்து போன அக்கரைக்கு, ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து மற்றொரு தமிழ்ப்படை வந்து சேர்ந்தது. அப்படையின் கையில் வாளும் இல்லை, வேலும் இல்லை. பால்வெட்டுக் கத்தியும் மங்கும் வாளியுமே இருந்தன. கூலிம், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி, பீடோங் என்று நீண்டு கிடந்த இரப்பர்க் காடுகளில், விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நின்ற அம்மக்களின் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தவர் ஒரு பெரியவர். அகவை அறுபத்தெட்டைத் தாண்டியவர். பெயரைச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்த வேண்டியதில்லை. சுங்கைப் பட்டாணியில் அவர் குடியிருக்கும் தாமானில் சிறியோரும் முதியோரும் அவரைப் 'பெரியவர்' என்றே அழைக்கின்றனர்.

பாடாங் செராயை அடுத்த தோட்டமொன்றில் பதினான்காம் வயதில் அவர் கத்தி பிடித்தார். பால் வெட்டுவது எளிய வேலை என்று எண்ணுவோர் ஒருநாளும் வெட்டிப் பார்க்காதவர்களே. பட்டையின் உள்ளடுக்கில்தான் பால் ஓடுகிறது. அதற்கும் உள்ளே, கட்டையை ஒட்டி, ஏடு போன்ற மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. கத்தி ஆழம் போதாவிட்டால் பால் வாராது. ஆழம் சற்றே மிகுந்தாலோ படலம் காயம்பட்டு, அவ்விடத்துப் பட்டை முடிச்சு முடிச்சாகப் புடைத்து, மறுவெட்டுக்கு உதவாமற் போய்விடும். பிரேசில் நாட்டுக் காடுகளில் முற்காலத்தில் கோடரியால் கொத்திப் பாலெடுத்தனர். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிற்கு 1888-இல் பொறுப்பேற்று வந்த ரிட்லி என்னும் ஆங்கிலேயரே, பட்டையை மெல்லச் சீவிச் சீவி, மரத்தைச் சாகவிடாமல் பாலெடுக்கும் முறையை ஆராய்ந்து நிலைநாட்டினார். பெரியவருக்கு ரிட்லியின் பெயர் தெரியாது. "மரம் பிழைத்தால்தான் நாளைக்குப் பால்" என்று தண்டல் அதட்டிக் கற்பித்த பாடம் மட்டும் நெஞ்சில் தங்கிவிட்டது. அவர் வெட்டிய நிரையில் காயம்பட்ட மரம் காண்பது அரிது என்று அந்நாளில் கிராணியே சொல்வாராம். அந்தப் பெருமையை இன்றும் அவர் விட்டுக்கொடுப்பதில்லை.

இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையில் ஒரு பகுதி போய் வீடமைப்பு வந்தது. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களில் சிதறின. பெரியவரும் மனைவியும் ஒரே மகளோடு சுங்கைப் பட்டாணிக்கு வந்தனர். தோட்டத்தில் நாள்தோறும் ஏறியிறங்கி நடந்த கால்கள் நடையை விட்டன. சோறும் சீனி கலந்த தேநீரும் மட்டும் விடவில்லை. இருவருக்கும் நீரிழிவு வந்தது. இது அவ்வீட்டுக் கதை மட்டுமன்று. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்றே கொள்ளலாம். அந்நீரிழிவு அரிக்கும் உறுப்புகளுள் சிறுநீரகமும் ஒன்று.

மனைவியின் சிறுநீரகங்கள் முற்றாகச் செயலிழந்தன. வாரத்திற்கு மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு. வண்டி அமர்த்தி அழைத்துச் செல்வதும், ஊசி ஏற்றும் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்திருப்பதும், குடிக்கும் தண்ணீரைக் கிண்ணத்தால் அளந்து கொடுப்பதும் பெரியவரின் பணி. நான்கு ஆண்டுகள் அப்படிக் கழிந்தன. ஐந்தாம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மையார் காலமானார். எனவே, தமக்கும் ஒரு நாள் சிறுநீரகத்தில் கட்டி என்ற செய்தி வந்தபோது, பெரியவர் 'புற்று' என்ற சொல்லைக் கேட்டு அஞ்சவில்லை. அவருடைய அச்சம் முழுவதும் அந்த நாற்காலியின் மீதும், அந்த இயந்திரத்தின் மீதுமே இருந்தது.

கட்டி தற்செயலாகவே தெரிய வந்தது. வயிறு உப்புசம் என்று சென்றவருக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். பித்தப்பையைப் பார்க்கப் போன கருவி, இடப்புறச் சிறுநீரகத்தின் ஓரத்தில் 2.6 செண்டிமீட்டர் அளவில் ஓர் உருண்டை இருப்பதைக் காட்டியது. இக்காலத்தில் கண்டறியப்படும் சிறுநீரகக் கட்டிகளுள் பெரும்பாலானவை இவ்வாறே வேறெதையோ தேடும்போது அகப்படுகின்றன. வலி, விலாப்புறத்தில் வீக்கம், சிறுநீரில் இரத்தம் என்று பழைய நூல்கள் கூறும் அறிகுறிகள் தோன்றும்வரை காத்திருந்தால் கட்டி பெருத்துப் போயிருக்கும்.

செய்தி தாமானில் பரவியதும் மருத்துவம் சொல்ல வந்தோர் பலர். வாழைத்தண்டுச் சாறு என்றார் ஒருவர். நீர்முள்ளிக் கஷாயம் என்றார் மற்றொருவர். இவை கட்டியைக் கரைக்கும் என்பதற்குச் சான்றேதும் இல்லை. மூன்றாமவர் கொல்லையில் காய்த்த பிளிம்பிங் பழத்தை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். அந்த நட்சத்திரப் பழம் நலிந்த சிறுநீரகம் உடையோருக்கு நஞ்சாக மாறும். மயக்கமும் வலிப்பும் ஏற்பட்டு உயிரே போனதுண்டு. மகள் முன்பே தாயாரின் செவிலியரிடம் அதைக் கேட்டறிந்திருந்ததால், பழம் அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குப் போயிற்று. அன்பினால் கொண்டுவந்த பொருளை மறுப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தோட்டத்து வாழ்வு அறிந்தோர் அறிவர்.

ஊர் தாண்டிய பெரிய மருத்துவமனை ஒன்றில் இளம் தமிழ் மருத்துவர் ஒருவர் அவரைப் பார்த்தார். நான்கு செண்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று தீங்கற்றதாகவே இருக்கும். ஆதலால் முதலில் ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தனர். புற்றுநோய்தான் என்று உறுதியாயிற்று. இரத்தச் சோதனை மற்றொன்றையும் சொன்னது. இரு சிறுநீரகங்களும் சேர்ந்து வடிகட்டும் திறன், இளமையில் நூறு என்று வைத்துக்கொண்டால், பெரியவருக்கு 46-ஆகக் குறைந்திருந்தது.

"டாக்டர் தம்பி, கேன்சர் இருந்துட்டுப் போகட்டும். என் வீட்டுக்காரியை உட்கார வைச்ச அந்த மெஷின்ல மட்டும் என்னை உட்கார வைச்சிடாதீங்க," என்றார் பெரியவர்.

மருத்துவர் உடனே விடை கூறவில்லை. தாள் ஒன்றை எடுத்து 46 என்று எழுதினார். அதன் கீழே 30 என்று எழுதினார். "முழுச் சிறுநீரகத்தையும் எடுத்தால், ஐயா, ஏறக்குறைய இங்கே வந்து நிற்கும். பிறகு நீரிழிவு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போகும்," என்றார். அத்தாளை மகள் மடித்து வைத்துக்கொண்டாள்.

சிறுநீரகத்தை முழுதாக அகற்றுவது நீண்ட வரலாறு உடைய மருத்துவம். செருமனியின் ஐடல்பர்க் நகரில் 1869-இல் குஸ்தாவ் சீமோன் என்ற அறுவை மருத்துவர், திட்டமிட்டு ஒரு பெண்மணியின் சிறுநீரகத்தை அகற்றினார். ஒன்றை இழந்தும் உயிர் வாழ முடியுமா என்பதை அதற்கு முன்பே நாய்களிடத்துச் சோதித்துப் பார்த்திருந்தார். அப்பெண்மணி பிழைத்தார். மறுநூற்றாண்டில், 1960-களில், கனடாவின் ராப்சன் சிறுநீரகத்தையும் அதைச் சூழ்ந்த கொழுப்புறையையும் ஒருசேர அகற்றும் முறையை வகுத்தார்; பல பத்தாண்டுகள் அதுவே சிறுநீரகப் புற்றுக்கு விதியாக இருந்தது. ஒரு சிறுநீரகம் போதும் என்பது பொய்யன்று. போதிய வலிமையோடு இருக்கும் ஒன்று போதும் என்பதே மெய். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கிற்று. நான்கு செண்டிமீட்டருக்கு மேற்படாத கட்டியும், சோதனையில் குறை காட்டாத இரு சிறுநீரகங்களும் உடைய 662 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். கட்டியை மட்டும் வெட்டியெடுத்தவர்களில் 80 விழுக்காட்டினர் மூன்றாண்டுக்குப் பின்னரும் வடிகட்டும் திறன் 60-க்குக் கீழே இறங்காதிருந்தனர். முழுச் சிறுநீரகத்தையும் இழந்தவர்களில் அவ்வாறு தப்பியோர் 35 விழுக்காட்டினரே.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஐரோப்பாவில் 541 நோயாளிகளை இரு பிரிவாக்கி நடத்திய சோதனையின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. சிறுநீரகத்தைக் காப்பாற்றியதால் ஆயுள் நீண்டது என்று அச்சோதனையால் காட்ட இயலவில்லை. மறு சிறுநீரகம் நலமாக உள்ளவர், ஒன்றை இழந்து நெடுநாள் நலமாகவே வாழ்கின்றார். பெரியவருடைய பழைய நிரைத் தோழர் ஒருவர் கூலிமில் இருக்கின்றார். சிறுநீரில் இரத்தம் கண்டு, எட்டு செண்டிமீட்டர்க் கட்டியோடு மருத்துவமனைக்குப் போனவர் அவர். வேறு வழியே இன்றிச் சிறுநீரகம் ஒன்றை முழுதாக அகற்றினர். இன்றும் மோட்டார் சைக்கிளில் சந்தைக்குப் போய் வருகின்றார். அவருக்கு நீரிழிவு இல்லை. ஆக, எந்த மருத்துவம் சிறந்தது என்ற வினாவிற்கு முன்னே, யாருக்கு என்ற வினா நிற்கிறது. 46-இல் நிற்கும் பெரியவரின் வழக்கு தோழரின் வழக்கன்று.

மருத்துவர் நான்கு வழிகளைக் கூறினார். இடையிடையே படம் எடுத்துப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது முதல் வழி. சிறு கட்டிகள் சராசரியாக ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் அளவே வளர்வதால், மூப்பும் நோயும் மிகுந்தோர்க்கு அதுவும் தக்க வழியே. கட்டியை மட்டும் வெட்டுவது, முழுதும் அகற்றுவது என்பன அடுத்த இரண்டு. நான்காவது, கட்டியை உள்ளேயே வைத்து உறைய வைத்துக் கொல்வது. கிரையோ அப்லேஷன் என்பது அதன் பெயர்.

"ஐஸ் வைச்சா?" என்று கேட்டுப் பெரியவர் சிரித்துவிட்டார். சம்பள நாளில் மரத்தூளில் புதைத்துச் சைக்கிளில் கொண்டுவரும் பனிக்கட்டிப் பாளமும், சந்தையில் மீன்மேல் கொட்டும் பனித்தூளும் அவர் கண்டவை. பனிக்காலமே அறியாத நாட்டில் பனியால் மருத்துவமா என்ற வியப்பு அவருக்கு.

வியப்புக்குரியதே என்றாலும் புதிதன்று. இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆர்னாட் என்ற மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, உப்பும் பனிக்கட்டியும் கலந்து, சுழிக்குக் கீழே இருபது பாகை அளவுக்குக் குளிரூட்டி, மார்பகத்திலும் கருப்பை வாயிலும் புண்ணாகி நின்ற புற்றுகளின் மீது வைத்தார். வலி தணிந்தது, கட்டி சுருங்கியது. ஆனால், உடலின் மேற்புறத்தைத் தாண்டிக் குளிரை உள்ளே செலுத்த அவரால் இயலவில்லை. 1961-இல் நியூயார்க்கின் இர்விங் கூப்பர் நீர்ம நைட்ரசன் ஓடும் கோல் ஒன்றை மூளைக்குள் செலுத்தி நடுக்குவாத நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். அக்கோல்தான் பிற்கால ஊசிகளுக்கு மூத்தது. தோலின் வழியே ஊசியைச் செலுத்திச் சிறுநீரகக் கட்டியை உறையச் செய்ததைச் சப்பானிய மருத்துவர்கள் 1995-இல் இரு நோயாளிகளின் வரலாறாக எழுதினர்.

இன்றைய ஊசியின் தடிமன் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். அதனுள் மிகுந்த அழுத்தத்தில் ஆர்கான் வாயு பாய்கின்றது. குறுகிய துளையிலிருந்து அகன்ற வெளிக்குத் திடீரென விரியும் வாயு குளிர்ந்து போகும் என்பதை ஜூலும் தாம்சனும் 1850-களில் கண்டறிந்தனர். அவ்விதியின் பயனாக ஊசிமுனை சில நிமிடங்களில் சுழிக்குக் கீழே 140 பாகைக்கும் தாழ்ந்துவிடுகின்றது. முனையைச் சுற்றிப் பனிக்கோளம் ஒன்று வளர்கின்றது. சி.டி. படத்தில் அக்கோளம் கருநிழலாகத் தெளிவாகத் தெரியும். வெப்பத்தால் சுட்டு அழிக்கும் மற்ற முறையில் இத்தகைய எல்லைக்கோடு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டும் கருவி, கைத்தொழில் அறிந்தவனுக்குப் பெரும் வரம் அன்றோ?

குளிர் எவ்வாறு கொல்கின்றது? முதலில் உயிரணுக்களுக்கு வெளியே உள்ள நீர் உறைகிறது. உள்ளே இருக்கும் நீர் வெளியே இழுக்கப்பட்டு அணு சுருங்கி வாடுகின்றது. குளிர் மேலும் கடுகும்போது அணுவுக்குள்ளேயே பனித்துகள்கள் தோன்றிச் சவ்வைக் கிழிக்கின்றன. பின் உருகும்போது நீர் உள்ளே புகுந்து எஞ்சிய அணுக்களை வெடிக்கச் செய்கின்றது. நுண்குழாய்களில் இரத்தம் உறைந்து கட்டிக்கு உணவு நின்று போகின்றது. உறைய வைப்பதைப் போலவே உருக விடுவதும் கொல்லும் கருவிதான் என்பது இதன் நுட்பம். ஆகவேதான் பத்து நிமிடம் உறைவு, எட்டு நிமிடம் உருக்கம், மீண்டும் பத்து நிமிடம் உறைவு என்று இருமுறை செய்கின்றனர். பனிக்கோளத்தின் விளிம்பில் குளிர் சுழிப் பாகையே. அங்கே அணுக்கள் பிழைத்துவிடும். சில மில்லிமீட்டர் உள்ளே சென்றால்தான் சாகும் அளவுக்குக் குளிர் உண்டு. ஆதலின் கட்டியின் எல்லையைத் தாண்டி 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பனி பரவ வேண்டும். பெரிய இரத்தக் குழாய் அருகில் இருந்தால், ஓடும் வெதுவெதுப்பான இரத்தம் குளிரைக் கொண்டு போய்விடும். கட்டி பெருக்கப் பெருக இக்கணக்கு கடினமாகின்றது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் நெறிமுறை, மூன்று செண்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகளுக்கே இத்தகைய அழிப்பு முறைகளை எண்ணிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

விளைவுகளைப் பற்றி மகள் துருவித் துருவிக் கேட்டாள். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 2019-இல் வெளியிட்ட கணக்கில் நான்கு செண்டிமீட்டருக்கு மேற்படாத கட்டியுடைய 1,422 பேர் இடம்பெற்றனர். ஐந்தாண்டுக்குப் பின் அந்தப் புற்றினால் இறவாதிருந்தோர், கட்டியை வெட்டியெடுத்தவர்களில் 99 விழுக்காடு. வெப்பத்தால் சுட்டவர்களில் 96. உறைய வைத்த 187 பேரில் 100. இங்கிலாந்தின் சவுத்தாம்டன் மருத்துவர்கள் 2018-இல், புற்றென்று உறுதி செய்யப்பட்ட 220 பேரின் கணக்கைத் தந்தனர். உறைய வைத்த இடத்திலேயே நோய் மீண்டும் தலைகாட்டாதிருந்தோர் மூன்றாம் ஆண்டில் 97.2 விழுக்காடு, ஐந்தாம் ஆண்டில் 93.9 விழுக்காடு.

நூறு என்ற எண்ணைக் கண்டு மகள் மகிழ்ந்தாள். மருத்துவர் அம்மகிழ்ச்சிக்குச் சிறிது அணை கட்டினார். அறுவையைத் தாங்கமாட்டாத முதியோரும் நோயாளரும் மிகுதியாக இருந்த பிரிவு அது. அவர்களுள் வேறு காரணங்களால் இறந்தோர் பலர். அறுவைக்கும் உறைவுக்கும் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து நெடுங்காலம் பின்தொடர்ந்த பெரிய சோதனை இன்னும் இல்லை. அவரவர் நிலைக்கேற்பச் செய்த மருத்துவத்தைப் பின்னாளில் எண்ணிப் பார்த்த கணக்குகளே மிகுதி. மேலும், 93.9 என்பதன் மறுபக்கம் 6.1. கட்டி உடலுக்குள்ளேயே விடப்படுவதால், அது செத்ததா என்பதைத் தட்டில் வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. படத்தில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பெரியவர் நீண்ட நேரம் யோசித்தபின், "மரத்துல காயம் படாம வெட்டுற மாதிரிதானே, தம்பி?" என்று மட்டும் கேட்டார். மருத்துவருக்குப் பால் வெட்டு தெரியாது. பட்டணத்தில் பிறந்தவர். மகள் விளக்கிச் சொன்னபின் "ஏறக்குறைய அப்படித்தான், ஐயா," என்றார்.

சிகிச்சை நாளன்று பெரியவரைக் குப்புறக் கிடத்தி மயக்க மருந்து கொடுத்தனர். சி.டி. படத்தின் வழிகாட்டலில் முதுகுப்புறமாக மூன்று ஊசிகள் கட்டிக்குள் செலுத்தப்பட்டன. குடல் அருகில் இருந்தமையால், இடையே உப்புநீரைப் பாய்ச்சி அதைச் சற்று விலக்கிவிட்டே பனியை வளர்த்தனர். ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஓர் இரவு மருத்துவமனையில் தங்கி மறுநாள் வீடு திரும்பினார். தையல் இல்லை; மூன்று சிறு பொட்டுகளே இருந்தன. இரண்டு நாள் சிறுநீர் செந்நிறமாகப் போயிற்று. இடப்புற விலாவில் எரிச்சலும் மரத்த உணர்வும் ஒரு மாதத்திற்கும் மேலாக நீடித்தன. பனி அருகிலிருந்த நரம்பைத் தொட்டுவிட்டதன் விளைவு அது. மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். இரத்தப்போக்கு கடுமையாகி இரத்தம் ஏற்ற நேர்ந்தவர்களும் உண்டு. பெரியவருக்கு அந்நிலை வரவில்லை.

மூன்றாம் மாதப் படத்தில் கட்டி இருந்த இடம் இருண்டு கிடந்தது. நலிந்த சிறுநீரகத்திற்கு ஊறு நேராதிருக்க, நரம்பில் ஏற்றும் சாய மருந்தை அளந்து கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் உப்புநீர் ஏற்றி எடுத்த படம் அது. உயிருள்ள கட்டி சாயத்தை உறிஞ்சி ஒளிரும். செத்த கட்டி ஒளிராது. வடிகட்டும் திறன் 44. ஓராண்டுப் படமும் அவ்வாறே. தாமானில் பெரியவருக்குப் புதுப்பெயர் வந்தது. 'ஐஸ் தாத்தா' என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள். ஆறாம் ஆண்டில் படிக்கும் பேரன், "தாத்தா, உள்ளே இருக்கிற ஐஸ் கரைஞ்சு போச்சா?" என்று கேட்பான். "அது அன்னைக்கே கரைஞ்சு போச்சு. தழும்புதான் இருக்கு," என்பார் அவர்.

இரண்டாம் ஆண்டுப் படத்திற்கு நாள் வந்தபோது பெரியவர் மறுத்துவிட்டார். "செத்த பாம்பை எத்தனை தடவை அடிக்கிறது?" என்பது அவர் வாதம். மகளுக்கும் விடுப்புக் கிடைப்பதில் தொல்லை இருந்தது. வண்டிச் செலவு, காத்திருப்பு, ஊசி என்று எண்ணிப் பார்த்தால் அவர் மறுப்பில் நியாயம் இல்லாமலும் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் கொடுத்த மருந்தை விழுங்கினால் நோய் தீர்ந்தது, தீர்ந்தால் மறுபடி அங்கே வேலையில்லை என்ற பழக்கத்தில் வளர்ந்த தலைமுறைக்கு, நலமாக இருக்கும்போது மருத்துவமனைக்குப் போவது விளங்காத செயல். திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, உடனிருந்து பணிபுரிவோனையும் ஒரு கூறாக வைத்திருக்கின்றது. தமிழாசிரியர்கள் அக்குறளை நடத்தும்போது அந்நான்காம் கூற்றைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுவர். இவ்வீட்டில் அது மகளாக நின்றது. அவள் தந்தையோடு வாதிடவில்லை. பழைய தாளை எடுத்து, 46 என்றும் 30 என்றும் எழுதியிருந்த இடத்தைக் காட்டி, "அம்மாவுக்கு நாம கூடப் போனோம்ல, அப்பா? எனக்காக ஒரு தடவை வாங்க," என்றாள்.

அந்தப் படத்தில், தழும்பின் உள்விளிம்பில், இரத்தக் குழாயை ஒட்டிய மூலையில், 8 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு புள்ளி ஒளிர்ந்தது.

வீடு திரும்பும் வழியில் தந்தையும் மகளும் ஒரு சொல்லும் பேசவில்லை என்பர். பெரியவர் அன்றிரவு உண்ணவில்லை. கட்டி திரும்பியது மட்டும் காரணமன்று. வராமல் இருந்திருந்தால் என்ற நினைவு அவரை வாட்டியது. மருத்துவர் மட்டும் கலங்கவில்லை. அறுவைக்குப் பின் நோய் மீண்டால் தழும்புகளுக்கிடையே மறு அறுவை கடினம். உறைவில் அவ்வளவு தடை இல்லை. அதே வழியில் ஊசியைச் செலுத்தி மீண்டும் உறைய வைக்கலாம்; பலருக்கு அவ்வாறு செய்து பயன் கண்டுள்ளனர். இம்முறை இரண்டு ஊசிகள் போதுமாயின. குழாயருகே வெப்பம் குளிரைத் தின்றுவிடாதபடி ஓர் ஊசியை அதற்கு நெருங்கவே வைத்தனர். அதன்பின் எடுத்த படத்தில் ஒளிர்வு இல்லை. வடிகட்டும் திறன் 42. இரண்டு முறை பனி தின்றும், நீரிழிவு தின்றும் எஞ்சிய எண் அது. மருத்துவர் தாளில் எழுதிய 30-க்கு இன்னும் மேலே நிற்கின்றது.

இம்மருத்துவம் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஊசிகள் ஒரு முறைக்கு மேல் பயன்படாதவை, விலை மிகுந்தவை, அவற்றைக் கையாளப் பயின்றோர் சிலரே. அல்ட்ராசவுண்ட் கருவியோ சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் உண்டு. 2.6 செண்டிமீட்டரில் அகப்பட்டதும் எட்டு செண்டிமீட்டரில் அகப்பட்டதும் ஒரே தோட்டத்து இரு தோழருக்கு வெவ்வேறு வாழ்வைத் தந்துவிட்டன என்பதைப் பெரியவர் இப்போது அடிக்கடி சொல்கின்றார். வயிறு உப்புசத்திற்கு நன்றி சொன்ன மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இவ்வாண்டுப் படத்திற்குரிய நாள், குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டிய நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டுள்ளது. மகள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். அன்று வண்டியில் ஓர் இடம் கூடுதலாக வேண்டும் என்று பெரியவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கின்றார். கூலிமில் இருக்கும் தோழர் இரண்டாண்டுகளாகத் தம் சோதனைக்குப் போகவில்லையாம்.